அம்மாக்களை உட்கார வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இதழின் மருத்துவப் பக்கத்தில் எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நோயான எலும்புப்புரை பற்றி வந்த கட்டுரையை ரங்கூனிலிருந்து படித்தேன். பால், கேழ்வரகு, காலை வெயில் என்று சொன்னதெல்லாம் சரி. ஆனால் ஸ்கேன் எடுத்து, "உங்களுக்கு எலும்புப்புரை இருக்கிறது" என்று டாக்டர் சொன்ன மறுநாள் காலையிலிருந்து ஒரு பெண் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. எங்கள் வீடுகளில் காரியம் கெடுவது அந்த மறுநாளிலிருந்துதான். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் தையல் வகுப்பு நடத்தி ஓய்ந்தவள். வயது 68. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனை முதல் முறை எடுத்தபோது என் முதுகெலும்பின் டி-ஸ்கோர் மைனஸ் 3.1 என்று வந்தது. ஆரோக்கியமான இளவயதுக்காரரின் எலும்போடு ஒப்பிட்டுத் தரும் எண் அது. மைனஸ் 1 வரை கவலையில்லை. மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை. மகனும் மருமகளும் பதறிப்போனார்கள். தண்ணீர் வாளியைக் கையிலிருந்து பிடுங்கினார்கள். எங்கள் வீடு லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாலாவது மாடி. "இனிமே நீங்க கீழே இறங்கவே வேணாம்மா" என்றார்கள். பாசத்தில் சொன்னதுதான். ஆனால் எலும்புக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. பாரம் ஏறினால்தான் எலும்பு தன்னைக் கட்டிக்கொள்கிறது. விண்வெளியில் எடையே இல்லாமல் மிதக்கும் வீரர்களுக்கு இடுப்பெலும்பின் அடர்த்தி மாதத்துக்கு 1 சதவீதத்துக்கும் மேல் குறைகிறதாம். அவர்களெல்லாம் நல்ல திடகாத்திரமானவர்கள். கட்டிலில் கிடத்தப்பட்ட நம் அம்மாக்களின் கதியை நினைத்துப் பாருங்கள்.

என்னைப் பார்த்த டாக்டர் என்னை ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் அனுப்பினார். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது என்று அவள் ஆரம்பித்தாள். பிறகு எடை. இங்கே சந்தையில் இன்னும் வீசைக் கணக்குதான். ஒரு வீசை 1.6 கிலோ சொச்சம். ஒரு வீசைப் பருப்புப் பையை இரு கையிலும் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காரச் சொன்னாள். கால் பழகப் பழகப் பையின் கனத்தைக் கூட்டினாள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றியும் சொன்னாள். மாதவிடாய் நின்று எலும்பு அடர்த்தி குறைந்த பெண்கள், வாரம் 2 முறை, அரை மணி நேரம், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, கனமான எடையைத் தூக்கினார்கள். 8 மாதத்தில் அவர்களுடைய முதுகெலும்பின் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. வீட்டில் லேசான பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் நாளைக்கே தனியாக அரிசி மூட்டையைத் தூக்கிவிடாதீர்கள். முதுகெலும்பு ஏற்கெனவே நொறுங்கியிருக்கிறதா என்று டாக்டர் பார்த்த பிறகு, தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, படிப்படியாகத்தான் செய்ய வேண்டும். முழங்காலை மடக்காமல் முதுகை வளைத்துக் குனிந்து கோலம் போடுவது, அப்படியே குனிந்து குடத்தைத் தூக்குவது இரண்டையும் அவள் அடியோடு நிறுத்தச் சொன்னாள்.

மாத்திரையை விட்டுவிட்டு உடற்பயிற்சி போதும் என்று நான் சொல்லவில்லை. எலும்பு கரைவதைக் குறைக்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரை எனக்கு வாரம் ஒருமுறை 70 மில்லிகிராம். காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் மட்டும் விழுங்க வேண்டும். அரை மணி நேரம் படுக்கக் கூடாது, வேறெதுவும் வயிற்றுக்குள் போகக் கூடாது. எங்கள் ஊரில் பால் டீ இல்லாமல் விடியாது. டீயோடு விழுங்கினால் மருந்து உடம்பில் சேராது; விழுங்கியதும் சாய்ந்தால் உணவுக்குழாய் புண்ணாகும். கால்சியம் மாத்திரையையும் சேர்த்து வாயில் போட்டுக்கொள்ளும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் இந்த மருந்து வீண்தான். கால்சியத்தை மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

எலும்புப்புரைக்கே ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். நல்ல மருந்து. ஆனால் தவணை தவறினால் கூடிய அடர்த்தி வேகமாக இறங்கிவிடும். ஒரே சமயத்தில் பல முதுகெலும்புகள் நொறுங்கியவர்களும் உண்டு. அலெண்ட்ரோனேட் எலும்பிலேயே தங்கிவிடுவதால், நிறுத்தினாலும் அதன் பலன் கொஞ்ச காலம் நிற்கும். இந்த ஊசிக்கு அந்தத் தாங்கல் கிடையாது. இறக்குமதி மருந்து இன்றைக்குக் கிடைத்து நாளைக்கு இல்லை என்றாகும் பர்மாவில், சென்னைக்கு வைத்தியத்துக்குப் போன ஒருவர் முதல் ஊசியை அங்கே போட்டுக்கொண்டு வந்துவிட்டால் அடுத்தது எங்கே? ஊசி போடுவதற்கு முன்பே டாக்டரிடம் இதைக் கேளுங்கள். கிடைக்காமல் போனால் அதற்குப் பதில் என்ன மருந்து என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்கேனிலும் இதே சிக்கல் உண்டு. முதல் முறை சென்னையில், அடுத்த முறை இங்கே என்று எடுத்து, எண் இறங்கிவிட்டதே என்று அழுத உறவுக்காரப் பெண்ணை எனக்குத் தெரியும். மெஷினுக்கு மெஷின் கணக்கு மாறும். ஒரே இடத்தில், ஒரே மெஷினில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். என் எண் இரண்டு வருஷத்தில் மைனஸ் 2.7-க்கு ஏறியிருக்கிறது. டாக்டருக்குத் திருப்தி. எனக்கு அதைவிடப் பெரிய திருப்தி, கைப்பிடியைத் தொடாமல் மாடி ஏறுகிறேன் என்பது.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மீன் குழம்பில் அரிசி நூடுல்ஸ் போட்டுத் தரும் எங்கள் ஊர் மொய்ங்கா நல்ல ஆகாரந்தான், ஆனால் மீனை முள் நீக்கித்தான் அதில் போடுகிறார்கள். முள்ளோடு மென்று தின்னும் பொடி மீன், எள், கேழ்வரகு, தயிர் இவற்றில் கால்சியம் உண்டு. இங்கே கிடைக்கும் ஷான் தோஃபு கடலை மாவில் செய்வது; சோயா தோஃபு போல அதில் கால்சியம் இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். உப்பிட்டுப் புளிக்கவைத்த மீன் விழுதான நாப்பியைக் குறையுங்கள், உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியம் போய்விடும். கடையில் பெயரில்லாமல் பொட்டலம் கட்டித் தரும் மூட்டுவலி மாத்திரைகளைத் தொடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், தொடர்ந்து தின்னத் தின்ன எலும்பை அரித்துவிடும்.

எலும்பு முறிவது பெரும்பாலும் விழுவதால்தான். மழைக்காலத்தில் பாசி படிந்த நடைபாதை, கரண்ட் இல்லாத ராத்திரியில் இருட்டுப் படி, தேய்ந்த ரப்பர் செருப்பு. படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு டார்ச், படியில் கைப்பிடி, குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. வைத்தியச் செலவோடு பார்த்தால் இதெல்லாம் ஒரு செலவே இல்லை.

இங்குள்ள கோயில் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். பூஜை இல்லாத காலை வேளைகளில் மண்டபங்கள் பூட்டிக் கிடக்கின்றன. வாரம் இரண்டு காலை வயதான பெண்களுக்குத் திறந்துவிடுங்கள். முதுகு நிமிர்ந்த சில நாற்காலிகளும் பயிற்சி சொல்லித்தர ஒரு பிசியோதெரபிஸ்ட்டும் போதும். ஆளைத் தேடித் தரும் பொறுப்பை நானே ஏற்கிறேன். ஆசிரியர் அவர்களும், டெனோசுமாப் தவணை தவறினால் உடனே என்ன செய்வது என்று தங்கள் மருத்துவரை அடுத்த இதழிலேயே எழுதச் சொல்லுங்கள். அந்த ஊசியைப் போட்டுக்கொண்டு அடுத்ததற்குக் காத்திருக்கும் பெண்கள் இங்கே இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை,
ரங்கூன்.