அரிசி ஏரியும் நாலு பவுண்டு நரம்பும்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நான் டொரண்டோல நல்லாருக்கேன், நீங்களும் சித்தியும் எப்படி இருக்கீய. அங்க போயும் தூண்டி போடுதியாலன்னு கேட்டிருந்தீயல்லா, போடுதேன் சித்தப்பா. 18 வயசுலேருந்து 64 வரைக்கும் லைசென்ஸ் இல்லாம தூண்டியத் தொடக்கூடாது இங்க, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுல நம்ம உக்காந்திருந்ததுக்கு இவனுவ என்ன சொல்லுவானுவளோ.

ஒண்ணரை மணி நேரம் கார்ல போனா ரைஸ் லேக்னு ஒரு ஏரி. நெசமாவே அரிசி ஏரிதான், அந்தக் காலத்துல காட்டரிசி அவ்வளவு விளஞ்சுருக்கு. அங்க கிராப்பினு ஒரு மீன், நம்ம ஜிலேபி கெண்டை மாதிரி தட்டையா, உடம்பெல்லாம் கறுப்புப் பொட்டு, வாய் மட்டும் காயிதம் கணக்கா மெலிசு. அதுக்குப் புழு கூட வேண்டாம், சின்ன ஈயத் தலை வச்ச கொக்கில ரப்பர் வால மாட்டி வீசணும், ஜிக்குனு பேரு. எடை ஒரு அவுன்ஸ்ல பதினாறுல ஒரு பங்கு, அதாவது 2 கிராம் கூட வராது, நம்ம ஒத்த ரூவாத் துட்டு இதவிடக் கனம்.

நான் என்ன செஞ்சேன், தூண்டி நரம்பு தடியா இருந்தாத்தான் மீன் தப்பாதுன்னு நீங்க சொன்னத நம்பி 12 பவுண்டு இழுவை தாங்குறத வாங்கிச் சுத்திட்டேன். வீசுனா பத்தடி தள்ளிப் பொத்துனு விழுது, நரம்பு சுத்துற ரீல்லேருந்து அது முறுக்குப் புழிஞ்ச மாதிரி சுருள் சுருளா வருது. பக்கத்துல நின்ன ஒரு வெள்ளைக்காரப் பெரியவரு பொறுக்கமாட்டாம வந்து என் ராடை, அதான் தூண்டிக் கம்பைத் திருப்பி கைப்பிடிக்கு மேல விரல வச்சுக் காட்டுனாரு, அதுல பொடி எழுத்துல 2லேருந்து 6 பவுண்டுனு போட்டிருக்கு. அம்புட்டு நாளும் அத வாசிக்காமலே வீசிருக்கேன்.

நீங்க சைக்கிள் நட்டைக் கட்டிச் சுழட்டி எறிவீயல்லா, அங்க நட்டு போற வேகத்துல நரம்பு தானாப் பின்னாடி போயிரும். இங்க 2 கிராமுக்கு ஏது தெம்பு? தடி நரம்பு வெறப்பா ராடுல உள்ள வளையத்துல எல்லாம் உரசி நிறுத்திருது, தண்ணிக்குள்ளயும் ஜிக்க எறங்க விடாது. 4 பவுண்டு நைலான் போட்டேன், 0.2 மில்லிமீட்டர் தடிமன்தான், அதே ஜிக்கு அதே கை, சர்ருனு போச்சு பாருங்க!

அறுந்திராதான்னு கேப்பீய. 4 பவுண்டுன்னா 1.8 கிலோ இழுவை, கிராப்பி பெரும்பாலும் அரைக்கிலோ கூட வராது. ரீல்ல டிராக்குனு ஒரு திருகு இருக்கு, அத நரம்போட பலத்துல கால்வாசிக்கு வச்சா மீன் முரண்டும்போது அதுவே விட்டுக்குடுக்கும். ஆனா மஸ்கினு ஒரு பல்லுக்கார மீன் இருக்கான், அவன் கிட்ட ரெண்டு ஜிக்கு போச்சு.

பின்னல் நரம்பும் விக்கான், 10 பவுண்டு பலம், தடிமன் 2 பவுண்டு நைலான் அளவுதான், வீசுனா இன்னும் தூரம் போகும். ஆனா கொஞ்சங்கூட இழுபடாது, வெடுக்குனு இழுத்தா கிராப்பி வாய் கிழிஞ்சுரும், அதனால எனக்கு நைலானே போதும். உங்க விராலுக்குன்னா பின்னல்தான் சரி, கொடிக்குள்ள ஓடுனாலும் இழுத்துரலாம்.

கார்த்திகைக்கு வரும்போது ஒரு ஸ்பூல் கொண்டாரேன். வழக்கம்போல பல்லால கடிச்சு அறுக்காதீய சித்தப்பா, அது அறாது, இருக்குற பல்லும் போயிரும், கத்தரிக்கோலையும் சேத்தே கொண்டாரேன்.

இப்படிக்கு,
உங்க அண்ணன் மவன்