பேரனுக்கு ஒரு தாள்

கும்பகோணம்

அன்புள்ள கண்ணா,

ஞாயிற்றுக்கிழமை போனில் உன் பிள்ளை, "பாட்டி, நிறைய பூஜ்யம் இருந்தாத்தானே பெரிய நம்பர்?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் நீ போனை வாங்கி, மாத்திரை போட்டாச்சா என்றாய். போட்டாச்சு. இப்போது அவன் கேள்விக்கு வருகிறேன்.

293318625600. வாசித்தால் 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. கடைசியில் இரண்டே பூஜ்யம். ஆனால் 1 முதல் 22 வரை எதால் வகுத்தாலும் மீதி இல்லை. 23-இல்தான் முதல்முறையாக இடறுகிறது, மீதி 17. மொத்தம் 5040 காரணிகள். இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது. அவன் ஆசைப்படி 1-க்குப் பின்னால் 11 பூஜ்யம் போட்டால் பத்தாயிரம் கோடி வரும். அதற்கு வெறும் 144.

உட்கார்ந்து எண்ணினாயா என்பாய். எதற்கு? பகா எண்களாக உடைத்தால் 2 ஆறு தடவை, 3 நாலு தடவை, 5-ம் 7-ம் இரண்டிரண்டு தடவை, 11, 13, 17, 19 ஒவ்வொரு தடவை. ஒரு காரணியை உண்டாக்க, இவற்றில் 2-ஐ ஒன்றுகூட எடுக்காமல் விடலாம், ஒன்றெடுக்கலாம், ஆறு வரை எடுக்கலாம். ஆக ஏழு வழி. இப்படியே 7×5×3×3×2×2×2×2. அந்த 'எடுக்காமல் விடுவதை' மறந்து ஆறு என்று எழுதாத பிள்ளையை என் வகுப்பில் பார்த்தது அபூர்வம். நீயும் எழுதியவன்தான்.

19-க்குப் பதில் 23-ஐப் போட்டாலும் காரணிகள் அதே 5040தான், எண் மட்டும் வீணாகப் பெருக்கும். அதனால் சின்னப் பகா எண்களுக்கே முதல் பந்தி. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் உள்ள இந்த மாதிரி எண்கள் எல்லாவற்றிலும், எத்தனை தடவை என்கிற அடுக்குகள் 6, 4, 2, 2, 1 என்பதுபோல இறங்கிக்கொண்டே போகும், ஏறாது. கடைசிப் பகா எண் ஒரே தடவைதான் வரும். 4-ம் 36-ம் மட்டும் விலக்கு. இதையெல்லாம் 1915-இல் லண்டனில் அச்சான கட்டுரையில் நிறுவியவர் நம் சாரங்கபாணி சன்னதித் தெரு ராமானுஜன். காய்கறிக்குப் போகும்போது அந்த வீட்டைத் தாண்டித்தான் போகிறேன்.

அதே கட்டுரையில் இந்த ஜாதி எண்களை 6746328388800 வரை பட்டியல் போட்டிருக்கிறார். நான் மேலே எழுதிய எண் அதில் இல்லை! விட்டுவிட்டார். எனக்கு இந்த எண் பிடித்துப்போனதே அதனால்தான்.

முழுதும் கையாலேயே பெருக்கிப் பார்த்தேன். 13 வரை ஒழுங்காக வந்து 908107200-இல் நின்றது. 17-ஆல் பெருக்கியதும் 15437722400 என்று எழுதினேன். இலக்கங்களைக் கூட்டினால் 35. 3 நாலு தடவை இருக்கிறதே, ஒன்பதின் மடங்காக அல்லவா வர வேண்டும்? கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால், 7-ம் 5-ம் 12 என்று கூட்டிய இடத்தில், அடுத்த இலக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டிய 1-ஐக் காணோம்.

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். தப்பான வரியை அடிக்கவில்லை. அவனே கண்டுபிடிக்கட்டும், நீ காட்டிக்கொடுக்காதே.

அன்புடன்,
அம்மா