உளநலத் திட்டத்தை யாரிடம் ஒப்படைப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

கிளிநொச்சி மாவட்டத்தில் எங்கள் பக்கம் மூன்று வருடமாக நடந்துவரும் உளசமூகச் செயற்றிட்டத்துக்கான (மனம் நொந்தவர்களுக்கு ஊருக்குள்ளேயே துணை நிற்கும் வேலை) வெளிநாட்டு நிதி இந்த டிசெம்பரோடு முடிகிறது. போன மாதம் திட்டத்தை நடத்துபவர்கள் 'நிலைபேறு' (காசு முடிந்த பிறகும் வேலை தொடர்வது) பற்றி ஒரு செயலமர்வு வைத்தார்கள். பனர், கோப்பு, பேனை, சோற்றுப் பார்சல் எல்லாம் இருந்தன. பின்னேரம் மூன்று மணிக்கு, "இனி இதை உங்கள் சங்கம்தான் கொண்டு நடத்த வேண்டும்" என்றார்கள். சங்கம் என்றால் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம். நான் அதன் செயலாளர்.

சரி, எங்களால் முடிந்ததைச் சொல்கிறேன். மாதம் ஒருமுறை பெண்களைக் கூட்டலாம், தேத்தண்ணி கொடுக்கலாம், கதைக்க வைக்கலாம். கடன் கொடுத்துத் திரும்ப எடுக்கும் சுழற்சி நிதியை ஏற்கனவே நாங்கள்தான் பார்க்கிறோம். ஆனால் களப்பணியாளராக வந்த பிள்ளை செய்தது வேறு வேலை. 2009இல் மகனைத் தொலைத்த ஒரு அம்மா யாரோடும் வாய் திறக்கமாட்டார். பிள்ளை கிழமைக்கு ஒருதரம் போய்க் குந்தியிருந்து மரக்கறி வெட்டிக் கொடுப்பாள். நாலாம் மாதம்தான் அம்மா கதைத்தார். இரவில் ஒருவர் "சாகப் போறன்" என்று போன் எடுத்தால் என்ன சொல்வது, எப்போது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்று அவளுக்குப் படிப்பித்திருக்கிறார்கள். பெற்றோல் காசும் கொடுத்தார்கள். எங்களுக்குப் படிப்பும் இல்லை, பெற்றோலும் இல்லை. செயலமர்வில் ஒருவர் 1926க்கு அடிக்கச் சொன்னார். தேசிய மனநல நிறுவகத்தின் அந்த இலக்கம் நல்லதுதான். அந்த அம்மா அடிப்பாரா?

சுனாமிக்குப் பிறகு வந்தவர்கள் போனார்கள். 2009க்குப் பிறகு வடக்கில் உளசமூக வேலைக்கு அனுமதி எடுப்பதே பெரும்பாடாக இருந்தது. எடுத்துக்கொண்டு வந்தவர்களும் இரண்டு, மூன்று வருடத்தில் பெட்டியைக் கட்டினார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை ஒரே உத்தரவில் நிறுத்தி வைத்தபோதாவது இங்கே யோசிக்கத் தொடங்கியிருக்கலாம். (எங்களுடையது அந்தக் காசு இல்லை. ஆனாலும்.) ஒருவரிடம் மனதில் கிடப்பதை எல்லாம் கொட்டி, பிறகு அவர் வராமலே போனால், அடுத்து வருபவரிடம் எங்கள் சனம் கதைக்காது.

பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறார். பிரிவு முழுக்க அவர் தலையில். கடைசி விழாவுக்கும் வழுவழுப்பான அறிக்கைப் புத்தகத்துக்கும் ஒதுக்கிய காசில், மிச்ச நாட்களுக்கு அவரும் பிள்ளையும் ஒன்றாக வீடு வீடாகப் போகட்டும். சம்மதித்தவர்கள் வீட்டுக்கு மட்டும். கோப்பைக் கட்டி மேசையில் வைத்தால் அந்த அம்மாவை அவருக்கு எப்படித் தெரியும்?

அதற்குப் பிறகு பெற்றோலுக்கும் ஒரு சிறு கொடுப்பனவுக்கும் எங்கே போவது? 2018 ஒக்டோபரில் காலம் முடிந்த மாகாண சபைக்கு இன்னும் தேர்தல் வைக்கவில்லை. ஆனால் 2025 மே மாதத் தேர்தலோடு பிரதேச சபைகளுக்கு உறுப்பினர்கள் வந்துவிட்டார்கள். கண்டாவளைக்கென்று தனிச் சபை இல்லை, நாங்கள் கரைச்சி பிரதேச சபைக்குள். அது வேறு கதை. அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்தில் இதற்கென்று கொஞ்சக் காசு ஒதுக்கச் சொல்லிக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம். உங்கள் பத்திரிகையை வாசிக்கும் உறுப்பினர்கள் யாராவது சபையில் இதை எடுத்துக் கதைத்தால் உதவியாக இருக்கும்.

பிள்ளை வவுனியாவில் கடை வேலை தேடத் தொடங்கிவிட்டாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கண்டாவளை.