13-ங்கிற நம்பரும் என் காலும்

வள்ளி,

நல்லாருக்கியா. உன் மெயில் வந்து மூணு வாரமாச்சு, டைப் பண்ண விரல் ஒத்துழைக்க மாட்டேங்குது, இதைக்கூட போன்ல பேசிப் பேசித்தான் எழுதுறேன், தப்பு இருந்தா நீயே திருத்திப் படிச்சுக்க. பேத்தி புதுமையோட போட்டோ பாத்தேன், அப்படியே உங்க ஆத்தா முகம்.

என் நரம்பு நோய் இப்ப எந்த அளவுல இருக்குன்னு கேட்டிருந்த. போன மாசம் மதுரைல டாக்டரப் பாத்தோம். போன வருஷமும் 13, இந்த வருஷமும் 13, மாத்தமே இல்லம்மா சந்தோஷமா போங்கன்னாரு. எனக்குச் சந்தோஷம் வரல, ஏன்னா இந்த ஒரு வருஷத்துலதான் நான் கொட்டான் பின்றத விட்டேன். ஓலைய மடிச்சுச் சொருகுற இடத்துல கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் பிடியே இல்ல.

அந்த 13 என்னன்னு சொல்றேன். எங்க குடும்பத்து நோய் சிஎம்டி, 1886-ல இத எழுதுன சார்கோ, மாரி, டூத்ங்கிற மூணு டாக்டர் பேரு அது. எங்களுக்கு வந்திருக்கிற வகைல 17-வது குரோமோசோம்ல ஒரு ஜீன் ஒரு பிரதி கூடுதலா இருக்கு, அதனால நரம்புக்கு மேல இருக்கிற உறை கெட்டுப்போகுது, பெத்தவங்கள்ல ஒருத்தருக்கு இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. என்னப் பெத்த அப்பச்சி காலத் தூக்கித் தூக்கி வப்பாகளே, ஞாபகம் இருக்கா, அது இதுதான். இதுக்குன்னே ஒரு ஸ்கோர் வச்சிருக்காங்க, 9 விஷயம், ஒவ்வொண்ணுக்கும் 0-லேர்ந்து 4, மொத்தம் 36, ஏற ஏற மோசம், அதுலதான் எனக்கு 13. 10 வரைக்கும் லேசு, 20 வரைக்கும் நடுத்தரம், அதுக்கு மேல கடுமை. ஊசியால குத்திப் பாப்பாங்க, ட்யூனிங் ஃபோர்க்க தட்டி கால் கட்டைவிரல்ல வச்சு அதிர்வு தெரியுதான்னு கேப்பாங்க, கை கால் பலம் பாப்பாங்க, கைல கரண்ட் வச்சு நரம்பு டெஸ்ட் எடுப்பாங்க.

நடக்கிறதுக்கு மட்டும் எப்படி மார்க் போடுறாங்கன்னா, தடுக்குனா 1, கணுக்காலத் தாங்கிப் பிடிக்கிற ஸ்பிளின்ட் போட்டா 2, கம்பு ஊனுனா 3, வீல்சேர்னா 4. நான் ஸ்பிளின்ட் மாட்டுன அன்னைக்கு 2, கம்பு எடுக்கிற நாள் வரைக்கும் 2 தான். ஆனா அந்த ஸ்பிளின்ட் ஷூவுக்குள்ள போடுறது வள்ளி. நம்ம வீட்டுல முகப்பு தாண்டுனா செருப்பே கிடையாது, வழவழன்னு ஆத்தங்குடிக் கல்லு, ஒரு சொட்டு தண்ணி கிடந்தாலும் கால் நிக்காது, வளவுல தூணுக்குத் தூண் பிடிச்சுக்கிட்டுத்தான் போறேன், நிலைவாசல் தாண்டறப்ப ஒரு கையால பாவாடையோட சேத்துக் காலத் தூக்கி வைக்கணும். பிள்ளையார்பட்டிப் பிரகாரம் சுத்தி ஏழு மாசமாச்சு. இதெல்லாம் அந்த 2-க்குள்ளயே அடங்கிப் போச்சு.

ஸ்கோர் தப்புன்னு சொல்ல வரல. அதுவும் இல்லன்னா இந்த நோய யாரு கணக்குல எடுப்பா. ஆனா நோய் ரொம்ப மெதுவா போகுது, ஸ்கோர் அத விட மெதுவா நகருது. இத்தாலியிலயும் இங்கிலாந்துலயும் விட்டமின் சி குடுத்துப் பாத்தாங்க, தினம் ஒன்றரை கிராம், ரெண்டு வருஷம், 2011-ல ரிசல்ட் வந்துச்சு. மருந்து சாப்பிட்டவங்களுக்கு 36-ல 0.2 கூடுச்சு, மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் அதே 0.2, வித்தியாசமே இல்ல, மருந்து பலிக்கல. ரெண்டு வருஷத்துல ஒரு பாயிண்ட் கூட நகராத அளவுகோல வச்சுக்கிட்டு நாளைக்கு நல்ல மருந்தே வந்தாலும் அது வேலை செய்யுதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க, எனக்கு இதான் ராத்திரில ஓடுது.

டாக்டரப் பாத்த அன்னைக்கு அங்க ஒரு பொண்ணு இன்னொரு ஃபாரமும் போட்டுச்சு, வாழ்க்கைத் தரம் பத்தி, எஸ்எஃப் 36-னு பேரு, 36 கேள்வி, 8 தலைப்பு, 0-லேர்ந்து 100, இதுல கூடுனா நல்லது. வலி, அசதி, மனசு, நாலு பேரோட பழகுறது எல்லாம் கேக்குது. இங்கிலீஷ்ல இருந்தத அந்தப் பொண்ணு தமிழ்ல சொல்லிச் சொல்லிக் கேட்டுச்சு. ஒரு கேள்வில மேசைய நகத்த முடியுமா, வேக்குவம் கிளீனர் தள்ள முடியுமா, கோல்ஃப் ஆட முடியுமான்னு வந்துச்சு. நான் அந்தப் பொண்ணுகிட்ட, குனிஞ்சு கோலம் போட முடியுமா, ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியுமான்னு கேளும்மா, அதுக்குப் பதில் சொல்றேன்னேன். பாவம், ஓரத்துல எழுதிக்கிச்சு.

என் கூடப் பொறந்த ஆச்சிக்கும் 13 தான். ஆனா ஆச்சி இன்னைக்கும் தேவகோட்டைல டியூஷன் எடுக்குறாக, பேச்சுல ஒரு சுணக்கம் கிடையாது. அந்த ஃபாரத்துல அவுக மார்க் எனக்கு ரொம்ப மேல. உக்காந்து செய்யிற வேலை அவுகளுக்கு, எனக்குக் கையும் காலும்தான் பொழப்பு. ரெண்டு கணக்கையும் பக்கத்துல வச்சுப் பாத்தாதான் ஆள் தெரியும்னு நான் டாக்டர்கிட்ட சொல்லிட்டேன், அவரும் தலையாட்டுனாரு.

இப்ப ஒரு நோட்டுல நானே எழுதிட்டு வரேன், பட்டாலைலேர்ந்து அடுப்படிக்கு எத்தனை நிமிஷம், இந்த வாரம் எத்தனை தடவ தடுக்குனேன்னு. அடுத்த தடவ கொண்டு போவேன்.

ஒண்ணு கேக்கணும் வள்ளி. எந்த வயசுல ஆரம்பிச்சதுன்னு டாக்டர் கேட்டாரு, சொல்ல ஆத்தாவும் இல்ல அப்பச்சியும் இல்ல. ஸ்கூல்ல ஓட்டப்பந்தயத்துல விழுந்து முட்டி கிழிஞ்சுதே, நீதான் தாவணிய நனைச்சுக் கட்டுன, அது எட்டாவதா ஒம்பதாவதா? அதுக்கு முன்னாடியே நான் தடுக்கி விழுவேனா? நல்லா யோசிச்சு எழுது.

மெய்யம்மை