ஐந்து நட்சத்திரம் சரி, எந்த வேரியன்ட்டுக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டிகை நெருங்கினால் தங்கள் நாளிதழின் முதல் பக்கத்தையே மூடிக்கொண்டு கார் விளம்பரம் வருகிறது. மோதல் சோதனையில் பாதுகாப்புக்காக வாங்கிய ஐந்து நட்சத்திரம் உள்ளங்கை அகலத்துக்குத் தங்க நிறத்தில் மின்னும். தலைப்பு நல்ல தமிழில் இருக்கும். பக்கத்தின் அடியில் மட்டும் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆங்கிலத்தில் இரண்டு வரி இருக்கும். எந்த வேரியன்ட் (ஒரே மாடலில் விலைக்கும் வசதிக்கும் ஏற்ப வருகிற வகை), எந்த ஆண்டுச் சோதனை, எந்த அமைப்பு கொடுத்த நட்சத்திரம் என்ற விஷயமெல்லாம் அந்த இரண்டு வரியில்தான். பூதக்கண்ணாடி இல்லாதவர்களுக்காக இந்தக் கடிதம்.

முதலில் சோதனை என்னவென்று பார்ப்போம். கார்களை மோதவிட்டு நட்சத்திரம் கொடுக்கிற நம் நாட்டின் பாரத் என்கேப் திட்டம் 2023 ஆகஸ்ட் 22 அன்று அறிவிக்கப்பட்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் விதிநூல் ஏஐஎஸ் 197. 3.5 டன் வரையிலான பயணிகள் கார்களுக்குப் பொருந்தும். கட்டாயம் கிடையாது, கம்பெனி தானாக முன்வந்து கொடுத்தால்தான் சோதனை. தேறாது என்று தெரிந்த மாடலை யாரும் முந்திக்கொண்டு நீட்டப் போவதில்லை. ஆகவே விளம்பரத்தில் நட்சத்திரமே காணோம் என்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

காரை மணிக்கு 64 கி.மீ. வேகத்தில், முன்பக்க அகலத்தின் 40 சதவீதம் மட்டும் படும்படி, நசுங்கக்கூடிய அலுமினியத் தேன்கூட்டுத் தடுப்பின் மேல் மோதவிடுகிறார்கள். பக்கவாட்டில் 50 கி.மீ. வேகத்தில் ஒரு தள்ளுவண்டி வந்து மோதும். மூன்று நட்சத்திரமோ அதற்கு மேலோ வேண்டுமென்றால் 29 கி.மீ. வேகத்தில் கம்பத்தில் பக்கவாட்டு மோதலையும் தாண்ட வேண்டும். வண்டி வழுக்கித் தடம் மாறாமல் காக்கிற இஎஸ்சி கருவியும் முன் சீட் பெல்ட் எச்சரிக்கையும் இருக்க வேண்டும். பெரியவர் பாதுகாப்புக்கு மொத்தம் 32 மதிப்பெண், குழந்தை பாதுகாப்புக்கு 49. ஐந்து நட்சத்திரத்துக்கு முதலாவதில் குறைந்தது 27, இரண்டாவதில் 41. அதாவது 27 வாங்கியவரும் 31 வாங்கியவரும் ஒரே ஐந்து நட்சத்திரக்காரர்கள். விளம்பரத்தில் மதிப்பெண்ணைப் போடாமல் நட்சத்திரத்தை மட்டும் போட்டால் நெருங்கித் தேறியவர் யார் என்று கேளுங்கள்.

சாலையில் ஓட அனுமதி பெறுவதற்கான அரசு கட்டாயச் சோதனை இதிலிருந்து வேறு. அதில் முன்மோதல் வேகம் 56 கி.மீ. 2017 அக்டோபரில் புது மாடல்களுக்கும் 2019 அக்டோபரில் எல்லாக் கார்களுக்கும் வந்துவிட்டது. "அரசு பாதுகாப்புச் சோதனையில் தேறியது" என்று ஒரு கம்பெனி பெருமையாக அச்சடித்தால், லைசென்ஸ் இருப்பதைச் சாதனையாகச் சொல்கிற ஓட்டுநர் கதைதான்.

அடுத்தது ஆண்டு. இங்கேதான் ஏமாற்று அதிகம். குளோபல் என்கேப் என்ற வெளிநாட்டுச் சோதனை அமைப்பு 2022 ஜூலைக்கு முன்பு வரை இந்தியக் கார்களுக்கு நட்சத்திரம் போட்டது பெரும்பாலும் முன்மோதலை வைத்துத்தான், பெரியவர் மதிப்பெண் 17க்கு. அதற்குப் பிறகு பக்கவாட்டு மோதலும் கம்பமும் இஎஸ்சியும் பாதசாரி பாதுகாப்பும் சேர்ந்து 34க்கு ஆனது. மாருதி ஸ்விஃப்ட் 2018இல் இரண்டு நட்சத்திரம் வாங்கியது. அதே தலைமுறைக் காரை 2022 இறுதியில் புது விதிப்படி மோதவிட்டபோது ஒன்றுதான் கிடைத்தது. கார் கெட்டுப்போகவில்லை, பரீட்சை கடினமானது. மறுபக்கம், டாடா நெக்ஸான் 2018 டிசம்பரில் 17க்கு 16.06 எடுத்து ஐந்து வாங்கியது. புதுப்பித்த நெக்ஸான் 2024 பிப்ரவரியில் கடினமான விதிப்படியும் 34க்கு 32.22 எடுத்து ஐந்து வாங்கியது. இரண்டுமே ஐந்துதான் என்றாலும் இரண்டாவதன் எடையே வேறு. செகண்ட் ஹேண்டில் 2019, 2020 மாடல் பார்ப்பவர்கள் இதை மனதில் வையுங்கள். விற்கிறவர் காட்டுகிற ஐந்து நட்சத்திரம் பெரும்பாலும் முன்மோதலுக்கானது. பக்கவாட்டில் திரைபோல் இறங்குகிற கர்ட்டன் ஏர்பேக் அந்தக் காரில் இல்லாமலே இருக்கலாம்.

மாடல் பெயரும் இப்படித்தான் குழப்பும். மாருதி டிசையர் 2024 நவம்பரில் குளோபல் என்கேப்பில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. முகச்சாயல் ஒன்றாக இருப்பதால் ஸ்விஃப்ட்டுக்கும் அது ஒட்டிக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். சோதித்த காருக்குத்தான் நட்சத்திரம். ஐரோப்பாவில் விற்கிற அதே பெயர்க் காரின் மதிப்பீட்டை இங்கே காட்டுவதும் உண்டு. அங்கே எல்லா வேரியன்ட்டிலும் வருகிற தானியங்கி பிரேக் இங்கே அந்த விலைக்காரில் வராது.

இப்போது தலைப்புக் கேள்வி. ஷோரூமில் "எல்லாமே ஃபைவ் ஸ்டார்தான் சார்" என்பார்கள். பாரத் என்கேப் தளத்தில் ஒவ்வொரு மாடலுக்கும் அறிக்கை இருக்கிறது. அதில் சோதித்த வேரியன்ட் எது, முடிவு எந்தெந்த வேரியன்ட்டுக்குப் பொருந்தும் என்று போட்டிருக்கும். நீங்கள் புக்கிங் போடுகிற வேரியன்ட் பெயர், என்ஜின், கியர்பாக்ஸ் உட்பட அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று எழுத்துக்கு எழுத்து பாருங்கள். காரின் கண்ணாடியில் கியூஆர் குறியீட்டோடு ஸ்டிக்கர் இருந்தால் ஷோரூமிலேயே போனில் ஸ்கேன் பண்ணலாம். நின்று பார்க்க ஐந்து நிமிடம் ஆகும், அலாய் வீல் நிறம் தேர்ந்தெடுப்பதைவிடக் குறைவு.

அறிக்கையில், சோதனைக் காருக்குள் உட்காரவைத்த மனித உருவப் பொம்மையின் உடம்பைப் பல நிறத்தில் காட்டியிருப்பார்கள். பச்சை நல்லது, மஞ்சள் பரவாயில்லை, ஆரஞ்சு சுமார், பழுப்பு பலவீனம், சிவப்பு மோசம். நட்சத்திரத்தைவிட இந்தப் படம்தான் பேசும். ஓட்டுநரின் நெஞ்சும் முழங்காலும் என்ன நிறம் என்று பாருங்கள். தலை பச்சை, நெஞ்சு ஆரஞ்சு என்றால் மொத்த மதிப்பெண்ணில் அது கரைந்துபோயிருக்கும், படத்தில் கரையாது.

ஏர்பேக் எண்ணிக்கையை நட்சத்திரத்துக்குப் பதிலாக விற்பது இன்னொரு வழக்கம். "ஆறு ஏர்பேக்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும், சோதனை முடிவு பற்றி மூச்சு இருக்காது. ஆறு ஏர்பேக்குடன் வந்த கியா கேரன்ஸ் 2022இல் குளோபல் என்கேப்பில் வாங்கியது மூன்று நட்சத்திரம். ஆட்கள் உட்காரும் காரின் கூடு நசுங்கி ஸ்டியரிங் பின்னுக்கு வந்தால் பை வெடித்து என்ன செய்யும்? பெல்ட் உடம்பைப் பிடித்து நிறுத்திய பிறகு மிச்ச வேகத்தை வாங்கிக்கொள்வதுதான் பையின் வேலை. பெல்ட் போடாதவர் பையை நோக்கியே பறப்பார், அது விரிந்து முடிப்பதற்குள் போய் முட்டுவார். இந்த லட்சணத்தில் பெல்ட் அலாரத்தை ஏமாற்ற ஒரு கிளிப் விற்கிறார்கள். ஆன்லைன் கடைகள் அதை நீக்க வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 மே மாதம் உத்தரவிட்டது. ஆனாலும் ஆக்சசரீஸ் கடையில் கேட்டால் டிராயரிலிருந்து எடுத்துத் தருகிறார்கள்.

குழந்தை நட்சத்திரம் பற்றி ஒரு வார்த்தை. சோதனையில் ஒன்றரை வயது, மூன்று வயது பொம்மைகளை உரிய சைல்டு சீட்டில் கட்டித்தான் மோதவிடுகிறார்கள். தண்டையார்பேட்டையிலிருந்து திருத்தணிக்குக் கிளம்புகிற காரில் பாட்டி மடியில் உட்கார்ந்திருக்கிற குழந்தைக்கு அந்த ஐந்து நட்சத்திரத்தில் பங்கே இல்லை. விளம்பரப் படத்தில் சிரிக்கிற குடும்பத்தைப் பாருங்கள், சைல்டு சீட் தெரிகிறதா என்று. 14 வயதுக்குட்பட்டவருக்கு பெல்ட்டோ சைல்டு சீட்டோ போடாமல் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதம்.

வடசென்னைக்காரர்களுக்கு இதைவிட முக்கியமானது டிரெய்லர். சோதனைத் தடுப்பின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 200 மி.மீ., அதன் உயரம் 650 மி.மீ. ஆக, 200 முதல் 850 மி.மீ. வரை காரின் முகத்தில் பட ஒரு பொருள் இருக்கிறது. காரின் சைடு மெம்பரும் (முன்பக்கம் நீளவாக்கில் ஓடும் இரும்புச் சட்டம்) பம்பர் பீமும் அந்த உயரத்தில்தான் இருக்கின்றன. அவை மடங்கி மோதலை விழுங்குகின்றன. சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி எண்ணூர் விரைவுச்சாலை ஓரத்தில் ராத்திரி விளக்கில்லாமல் நிற்கிற கன்டெய்னர் டிரெய்லரின் தளம் அதற்கும் மேலே. பின்னால் இருக்க வேண்டிய தடுப்புக் கம்பியின் அடிவிளிம்பு தரையிலிருந்து 550 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பது விதி. இந்தப் பக்கம் நிற்கிற வண்டிகளில் பாதிக்கு அது மேல்நோக்கி வளைந்திருக்கும், அல்லது கழற்றியே வைத்திருப்பார்கள். கார் உள்ளே நுழைந்தால் சைடு மெம்பர் எதிலும் படாது. முதலில் அடி வாங்குவது பானெட்டின் மேல்பகுதி, கண்ணாடி, அதன் இரு பக்கத்துத் தூணான ஏ பில்லர். வேகக்குறைவைச் சென்சார் உணர்ந்து பையை விரிப்பதற்குள் இரும்பு தலை மட்டத்துக்கு வந்துவிடும். ஐந்து நட்சத்திரக் காரும் இந்த மோதலுக்குச் சோதிக்கப்பட்டதல்ல. சாலை காலியாக இருக்கிறதே என்று அங்கே 80இல் போகிறவர் சுமக்கிற ஆற்றல் 64இல் இருப்பதைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். 100இல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு.

எடையும் அப்படித்தான். முன்மோதல் சோதனை, தன் எடைக்கு ஏறக்குறைய சமமான இன்னொரு காரோடு மோதுவதற்கு ஒப்பு. 900 கிலோ சிறிய காரின் ஐந்தையும் 1,800 கிலோ எஸ்யூவியின் ஐந்தையும் பக்கத்தில் பக்கமாக அச்சடித்து "சமம்" என்பது தப்பு. இரண்டும் நேருக்கு நேர் மோதினால் சிறிய கார்தான் அதிகம் பின்னுக்குத் தள்ளப்படும். ஒரே வகைக் கார்களை ஒப்பிடவே நட்சத்திரம்.

வாங்கிய பிறகு நட்சத்திரத்தை நாமே கழற்றிவிடுவதும் உண்டு. சீட்டின் கதவுப் பக்கத் தையலில் ஏர்பேக் என்ற துணிச்சீட்டு தொங்கினால் பக்கவாட்டுப் பை சீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதன் மேல் இறுக்கமான லெதர் கவர் மாட்டினால் பை கிழித்துக்கொண்டு வர வழியில்லை. அந்த இடத்தைத் திறந்துவிட்ட கவராகக் கேளுங்கள், இல்லாவிட்டால் துணிச்சீட்டோடு விடுங்கள். பம்பருக்கு முன்னால் புல் பார் என்கிற இரும்புக் கம்பிச் சட்டம் மாட்டினால் நசுங்க வேண்டியது நசுங்காது, சென்சாரின் கணக்கும் தப்பும். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதைத் தடை செய்துவிட்டது. பழைய கார் வாங்குகிறவர்கள் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பிவிட்டு ஏர்பேக் விளக்கை மட்டும் பாருங்கள். சில நொடி எரிந்து அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் கோளாறு. எரியவே இல்லையென்றால் இன்னும் மோசம், பை போன காரில் விளக்கைத் துண்டித்திருக்கலாம். பெல்ட் முழுநீளம் சீராக உருண்டு வராமல் பாதியில் இறுகிக்கொண்டால் மோதும்போது பெல்ட்டை இழுத்து இறுக்குகிற பிரீ டென்ஷனர் ஏற்கெனவே வேலை செய்து முடித்த பெல்ட்டாக இருக்கலாம். டிங்கரிங்கில் சூடு காட்டி நிமிர்த்திய சைடு மெம்பர் பழைய வலிமைக்கு வராது. பெயின்ட்டின் பளபளப்பு அதை மறைத்துவிடும்.

இனி விளம்பரம். தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டு நெறிகள் 2022 ஜூனில் வந்தன. பொறுப்புத்துறப்பு வரிகள் விளம்பரக் கூற்று எந்த மொழியிலோ அதே மொழியில், அதே எழுத்துருவில், கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும் என்கின்றன அவை. தலைப்பு தமிழில், நிபந்தனை ஆங்கிலத்தில் என்பது முகத்துக்கு நேரே விதிமீறல். தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 21ஆம் பிரிவின்படி முதல் முறை 10 லட்சம் வரையும் அடுத்தடுத்து 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க முடியும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பக்கத்தைப் போட்டோ எடுத்து, நாள், பக்க எண் குறித்து, எந்த வரி எதற்கு முரண் என்று ஒரே வாக்கியத்தில் எழுதிப் பதிவு செய்யுங்கள். சும்மா "ஏமாற்று விளம்பரம்" என்று எழுதினால் நடக்காது.

ஆசிரியர் அவர்களே, உங்களிடமும் ஒரு கோரிக்கை. அடுத்த கார் விளம்பரம் பக்கம் கட்ட வரும்போது உங்கள் விளம்பரப் பிரிவு நான்கு சொற்களைத் தமிழில், தலைப்புக்குக் கிட்டத்தட்ட சமமான அளவில் கேட்டு வாங்கட்டும்: அமைப்பின் பெயர், சோதனை ஆண்டு, வேரியன்ட், மதிப்பெண். அவை இல்லாமல் நட்சத்திரப் படத்தை அச்சுக்கு அனுப்பாதீர்கள். இடம் போதாது என்றால் சிரிக்கிற குடும்பத்தின் படத்தைக் கொஞ்சம் சுருக்கலாம்.

இப்படிக்கு,
வாகனக் காப்பீட்டு சர்வேயர் ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 81.