செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

'வந்திருக்கும்' என்று தெரிந்தேதான் எழுதியிருக்கிறேன். பதிவேட்டில் நாம் 114 பேர். சென்ற ஆண்டுப் பொதுக்குழு கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கை, இல்லாமல் ஒத்திவைக்கப்பட்டு, அரை மணி நேரம் கழித்து அதே அறையில் அதே 19 பேருடன் மீண்டும் கூடியது. துணைவிதியில் அதற்கு இடமுண்டு என்பதால் அதைப் பற்றி மேலும் சொல்லவில்லை.

செயற்குழு 9 முறை கூடியது. ஆண்டுவிழா வழக்கம்போல் நடந்தது. நூலக அலமாரியின் பூட்டு மாற்றப்பட்டது. மறைந்த உறுப்பினர்கள் இருவருக்கு அஞ்சலி செலுத்தினோம். விடுமுறைப் பயிற்சி முகாமும் நடந்தது.

இனி நம் இணைந்தாடும் குழு பற்றி. இதற்கு ஏன் இத்தனை பக்கம் என்று சிலர் கேட்கக்கூடும். இந்த ஆண்டு மன்றம் செய்த உருப்படியான வேலை இது ஒன்றுதான். குழுவில் 8 பேர். இருவர் வீல்சேரில், ஒருவர் ஊன்றுகோலுடன், ஒருவருக்குக் காது கேட்காது, ஒருவருக்குப் பார்வை இல்லை. மற்ற மூவருக்கு ஊனம் எதுவுமில்லை. இவர்களோடு சேர்ந்து புதிய படைப்பு செய்ய வெளியிலிருந்து இரண்டு நடன இயக்குநர்களை, ஒருவருக்கு மூன்று வாரம் என்று அழைத்தோம். "நம்ம ஆசிரியரே இருக்கும்போது வெளியாள் எதுக்கு?" என்று செயற்குழுவில் ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். அன்றைக்கு நேரமில்லாததால் பதிலை இங்கே எழுதுகிறேன்.

இது நான் கனவில் கண்ட திட்டம் அல்ல. லண்டனில் 1991இல் செலஸ்ட் டான்டெக்கரும் ஆடம் பெஞ்சமினும் தொடங்கிய கான்டோகோ என்ற இணைந்தாடும் நடனக் குழு இப்படித்தான் வளர்ந்தது. டான்டெக்கர் 1973இல் மேடையில் ஆடும்போதே விழுந்து முதுகெலும்பில் அடிபட்டவர். கலிஃபோர்னியாவில் 1987இல் தொடங்கிய ஆக்ஸிஸ் என்ற இதே வகைக் குழு 2000இல் பெயர்பெற்ற அமெரிக்க நடன இயக்குநர் பில் டி. ஜோன்ஸை அழைத்துப் படைப்பு செய்யச் சொன்னது. வெளியிலிருந்து பெரிய கைகள் வரும்போதுதான் அது 'பாவம், ஆடுகிறார்கள்' என்ற வரிசையிலிருந்து நடனம் என்ற வரிசைக்கு மாறுகிறது. எல்லா விழாவிலும் நம் பேச்சாளர்கள் சுதா சந்திரனைச் சொல்லாமல் இறங்குவதில்லை. 1981இல் விபத்துக்குப் பின் காலை இழந்து, 'ஜெய்ப்பூர் கால்' என்னும் செயற்கைக் காலுடன் மீண்டும் பரதம் ஆடியவர் அவர். போற்ற வேண்டியவர்தான். ஆனால் அங்கே நடனம் இருந்த இடத்தில் இருந்தது, ஆடுபவர் அதனிடம் திரும்பிப் போனார். இங்கே நடனமும் கொஞ்சம் நகர்ந்து வர வேண்டும் என்கிறோம்.

முதலில் வந்தவர் முழுப் படைப்பையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதியே கொண்டுவந்திருந்தார். முதல் நாள், ஊனமில்லாத மூவரை முன்வரிசையில் நிறுத்தி எட்டு எண்ணிக்கையில் அடவு, அதாவது ஆட்டத்தின் அடிப்படை அசைவு, சொல்லிக் கொடுத்தார். பின்னால் இருந்தவர்களிடம், "நீங்க அதையே கையால பண்ணிடுங்க" என்றார். நான் கதவருகே உட்கார்ந்திருந்தேன். எனக்கே சங்கடமாக இருந்தது.

மூன்றாம் நாள் வீல்சேரில் ஆடும் பெண், "மாஸ்டர், நான் திரும்ப எவ்வளவு இடம் வேணும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார். மாஸ்டர் கைகளை அகல விரித்துக் காட்டினார். அந்தப் பெண் ஒரு சக்கரத்தை முன்னுக்கும் மறு சக்கரத்தைப் பின்னுக்கும் ஒரே நேரத்தில் தள்ளினார். நின்ற இடத்திலேயே பம்பரம்போல் மூன்று சுற்று. பிறகு பின்சக்கரங்களில் சாய்ந்து, முன்னால் உள்ள சின்னச் சக்கரங்கள் அந்தரத்தில் நிற்க, இன்னொரு சுற்று. "திரும்புறது எனக்குப் பிரச்சனையே இல்ல. பக்கவாட்டுல ஒரு அடி வைக்கச் சொல்லுங்க, அது முடியாது. இந்த வண்டி பக்கவாட்டுல போகாது" என்றார். மாஸ்டரின் படைப்பில் பாதி பக்கவாட்டு அடி. அன்று மாலை நோட்டுப் புத்தகம் மூடப்பட்டது. பக்கவாட்டு அடியே வைக்காமல் ஓரத்துக்குப் போவது எப்படி என்று எட்டுப் பேரும் தேடினார்கள். வளைந்து போனார்கள், பின்வாங்கித் திரும்பி வந்தார்கள், ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு போனார்கள். ஊனமில்லாத மூவர்தான் அதிகம் திணறினார்கள். படைப்பின் நல்ல பகுதி அந்தத் தேடலிலிருந்துதான் வந்தது.

இரண்டாமவர் கையில் எதுவும் கொண்டுவரவில்லை. விதிகளை மட்டும் கொடுத்தார். கான்டோகோ 2011இல் அமெரிக்க நடன இயக்குநர் ட்ரிஷா பிரவுனின் 1983ஆம் ஆண்டுப் படைப்பைத் தன் ஆட்டக்காரர்களைக் கொண்டு புதிதாகச் செய்ததை அவர் உதாரணம் காட்டினார். எளிமையாக வை, உள்ளுணர்வின்படி போ, விளிம்பில் நில், தெரிந்தும் மறைந்தும் ஆடு, வரிசையில் சேர் என்று அந்தப் படைப்பே ஐந்து கட்டளைகளின்மேல் நிற்கிறதாம். அடவைக் கைமாற்றினால் எல்லோருக்கும் ஒரே உடல் வேண்டும், விதியைக் கைமாற்றினால் எந்த உடலும் போதும் என்றார்.

இவரும் தடுக்கி விழுந்த இடம் உண்டு. ஆடிக் காட்டிக்கொண்டே பேசுவது அவர் பழக்கம். காது கேட்காத தம்பி சைகை மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தால் ஆட்டம் போய்விடும், ஆட்டத்தைப் பார்த்தால் பேச்சு போய்விடும். இரண்டு நாள் பொறுத்துவிட்டு மூன்றாம் நாள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு முதலில் பேச்சு, பிறகு ஆட்டம் என்று ஒழுங்கு வந்தது. பார்வையில்லாத அக்காவுக்காகத் தரையில் மெல்லிய கயிற்றை வைத்து மேலே டேப் ஒட்டினோம். பாதம் அதில் பட்டதும் தான் நடுவில் நிற்கிறாரா ஓரத்தில் நிற்கிறாரா என்று அவருக்குத் தெரிந்துவிடும். அந்த டேப்பை யாரோ குப்பை என்று நினைத்து உரித்துப் போட்டது வேறு கதை.

மொழிபெயர்ப்பாளருக்கு எதற்குச் செலவு, ஒத்திகையில் எதற்கு இத்தனை இடைவேளை என்று ஓர் உறுப்பினர் எழுத்துமூலம் கேட்டிருந்தார். முதல் கேள்விக்கு மேலேயே பதில் இருக்கிறது. இடைவேளை விஷயம் இது: நாள் முழுக்க வீல்சேரில் இருப்பவர் அவ்வப்போது உடம்பைத் தூக்கி எடையை மாற்றாவிட்டால் படுக்கைப் புண் வரும். வந்தால் வாரக்கணக்கில் ஆட முடியாது.

சாய்தள விவகாரத்தையும் மறைக்க விரும்பவில்லை. மேடை மூன்றடி உயரம். ஓர் அங்குல ஏற்றத்துக்கு 12 அங்குல நீளம் என்பது கணக்கு, அதன்படி 36 அடி நீளம் வேண்டும். செயற்குழு ஒப்புதல் கொடுத்தது 12 அடிக்கு. அந்தக் குறிப்பில் 12 என்று எழுதியது நான்தான் என்பது உண்மை. அதைப் படித்த பதினோரு பேரில் ஒருவரும் திருத்தவில்லை என்பதும் உண்மை. பலகை வந்து இறங்கியதும் குழுவினர் அதைப் பார்த்து, "சார், இது ராம்ப் இல்ல, சறுக்குமரம்" என்றார்கள். மேடையை விட்டுவிட்டுக் கீழே தரையிலேயே ஆடினார்கள். பார்வையாளர்கள் மூன்று பக்கமும் சுற்றி உட்கார்ந்தார்கள். சக்கரம் தரையில் உரசும் ஓசை அத்தனை அருகில் கேட்டது. மேடையில் நடந்திருந்தால் அது கிடைத்திருக்காது என்று இரண்டு இயக்குநர்களும் சொன்னார்கள். இதை என் பெருமைக்காகச் சொல்லவில்லை.

சுவரொட்டியில் 'ஊனத்தை வென்ற கலைஞர்கள்' என்று போட்டிருந்தேன். "நாங்க யார்கூட சண்ட போட்டோம் சார், ஜெயிக்கிறதுக்கு?" என்று கேட்டார்கள். திரும்ப அச்சடித்தோம். அந்தச் செலவும் உண்டு.

நிகழ்ச்சிக்கு 83 பேர் வந்தார்கள். அதில் உறுப்பினர்கள் 17 பேர். மறுநாள் தொலைபேசியில் கருத்துச் சொன்ன உறுப்பினர்கள் அதைவிட அதிகம்.

சந்தா. 114 பேரில் 61 பேர் பாக்கி. அதில் 23 பேர் மூன்று ஆண்டுகளாகக் கட்டவில்லை. துணைவிதிப்படி இவர்களை நீக்கலாம். நீக்கினால் கோரமாவது சேரும் என்று பொருளாளர் சொன்னார். மனம் வரவில்லை. நினைவூட்டல் கடிதம் மூன்று முறை அனுப்பினேன். "போன வருஷம் கட்டினதா ஞாபகம்" என்று பதில் வருகிறது. என்னிடம் ரசீதின் அடிக்கட்டை இருக்கிறது, ஞாபகம் அதில் ஒட்டவில்லை. மொழிபெயர்ப்பாளர் செலவைக் கேட்டு எழுதியவரும் இந்தப் பட்டியலில் இருக்கிறார் என்பதை ஒரு தகவலாக மட்டும் பதிவு செய்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவைவிடச் செலவு சற்றுக் கூடுதல். அந்தச் 'சற்று' எவ்வளவு என்பதில் அவருக்கும் எனக்கும் சிறு கருத்து வேறுபாடு இருக்கிறது, தணிக்கை முடிந்ததும் தீரும். சாய்தளப் பலகையும் இரண்டாம் சுவரொட்டியும் 'இதர செலவுகள்' என்ற தலைப்பில் உள்ளன. பலகை பின்னறையில் பத்திரமாக இருக்கிறது, யாருக்காவது பயன்பட்டால் சொல்லலாம்.

நன்கொடை அளித்தவர்களுக்கும், ஒலி ஒளி உதவியவர்களுக்கும், இரண்டு இயக்குநர்களுக்கும், எட்டுக் கலைஞர்களுக்கும், பொறுமை காத்த தலைவருக்கும், தணிக்கையாளருக்கும், என் வீட்டாருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு வெளியாள் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. மேலே சொன்ன அந்த வீல்சேர் பெண்ணே அடுத்த படைப்பை அமைக்கட்டும் என்று இயக்குநர்கள் இருவரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆக்ஸிஸ் குழுவை 2017 முதல் சில ஆண்டுகள் நடத்திய மார்க் ப்ரூவும் வீல்சேரில் ஆடுபவர்தான், ஆகவே இதிலும் நாம் முன்னோடி அல்ல. அந்தப் பெண் ஒப்புக்கொண்டார். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார்: இப்போதைய ஒத்திகை இடத்தில் கழிப்பறைக் கதவு வீல்சேர் நுழையும் அகலத்தில் இல்லை, காலை முதல் மாலை வரை தண்ணீர் குடிக்காமல் இருந்து ஒத்திகை பார்க்க இனி முடியாது என்றார். அத்தனை வாரமும் அவர் தண்ணீர் குடிக்காமல்தான் இருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

இந்தச் செயலாளர் பொறுப்பை இளையவர் யாராவது ஏற்றால் மகிழ்வேன். சென்ற ஆண்டும் இதையே எழுதினேன், யாரும் கை தூக்கவில்லை. இன்றும் தூக்காவிட்டால் என்ன செய்வது என்று பொதுக்குழுதான் முடிவு செய்ய வேண்டும்.

தரைத்தளத்தில், அகலமான வாசலும் கழிப்பறையும் உள்ள கூடம் ஒன்று நம் உறுப்பினர் ஒருவரிடம் பூட்டியே கிடப்பதாகக் கேள்விப்பட்டேன். பெயரைச் சொல்ல மாட்டேன். கூடம் கிடைத்தால் அவருடைய நான்கு ஆண்டுச் சந்தாவைப் பற்றி நான் வாய் திறக்கமாட்டேன். மற்றவர்களுக்கு: ரசீதுப் புத்தகம் இன்று என் பையிலேயே இருக்கிறது.

இவண்,
செயலாளர்