சலுகை மட்டும் போதாது

ஐயா, அந்நிய முதலீட்டுக்குப் புதிய சலுகைகள் தரப்போவதாக வந்த செய்தியைப் படித்தேன். மலிவு நிலமும் வரிவிலக்கும் நிறுவனத்தை வரவழைக்கும், தங்கவைக்காது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கிய நோக்கியா, வரித் தகராறுக்குப் பின் 2014-ல் நிறுத்திக்கொண்டது. பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் செய்யும் ஹூண்டாய் இன்றும் இருக்கிறது. சுற்றிலும் முளைத்த உதிரிபாக ஆலைகள்தான் அதற்கு முக்கியக் காரணம் என்பேன்.

அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றுக்கு அனுப்பிய முதல் லாட் புஷ் (தண்டு பொருந்தும் சிறு உலோகக் குழல்) அப்படியே திரும்பி வந்தது. அப்புறம் அவர்களே ஆள் அனுப்பி, நுண்ணிய அளவு பார்க்கும் மைக்ரோமீட்டரைப் பிடிப்பதிலிருந்து சொல்லிக்கொடுத்தார்கள். இப்படிப் பழக்கிய பட்டறைகளை விட்டு யாரும் லேசில் கிளம்பமாட்டார்கள். புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் வேலைவாய்ப்புக் கணக்கோடு, உள்ளூர்ச் சிறுதொழில்களிடம் வாங்கும் பங்கையும் அரசு எழுதிவாங்கி, ஆண்டுதோறும் வெளியிடலாம்.

- வாசகர், அம்பத்தூர்